ஹாஷ் சரியாக இருக்கிறது, ஆனால் கோப்பு போலி: என்ன செய்யலாம்?

ஏரிக்கரை | பதிவு 1

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் ஏழு ஆசிரியர்கள். நாங்களே எடுத்த பாட விளக்க வீடியோக்களையும் பள்ளிக் கணினிகளில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவ உதவும் ஐ.எஸ்.ஓ. கோப்புகளையும் டாரண்ட் வழியாக, அதாவது இறக்குகிறவர்களே ஒருவருக்கொருவர் துண்டு துண்டாகக் கொடுத்துக்கொள்ளும் முறையில், பகிர்ந்து வருகிறோம். எங்களிடம் பெரிய சர்வர் கிடையாது. பல பள்ளிகளில் இணைய வேகமும் குறைவு. ஒரு பள்ளி இறக்கி வைத்தால் அடுத்த பள்ளி அங்கிருந்தும் எடுத்துக்கொள்ளலாம் என்பதால் இந்த வழியைப் பிடித்தோம்.

போன வாரம் ஒரு ஆசிரியை போன் செய்தார். எங்கள் பத்தாம் வகுப்பு அறிவியல் வீடியோவின் பெயரிலேயே ஒரு டாரண்டை எங்கோ தேடி எடுத்திருக்கிறார். உள்ளே வீடியோ இல்லை. ஒரு ஜிப், அதற்குள் திறந்தால் புரோகிராமாக ஓடும் ஒரு எக்ஸி ஃபைல். நல்லவேளையாக அவர் அதைத் திறக்கவில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. "நூறு சதவீதம் சரிபார்த்தாச்சுன்னு காட்டுதே சார், ஹாஷ் பொருந்தினா ஃபைல் சரின்னு நீங்கதானே சொன்னீங்க?"

நான்தான் சொன்னேன். ஹாஷ் என்பது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை மாதிரியான ஒரு எண் என்று பயிற்சி வகுப்பில் எழுதிப் போட்டே சொன்னேன். எங்கே தவறினேன், இனி எப்படித் தடுப்பது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கடைசிபெஞ்ச் | பதிவு 2

டாரண்ட் பயன்படுத்துவது ஷா-1 ஹாஷ். அதை 2017-லேயே உடைத்துவிட்டார்கள். அதை வைத்துத்தான் உங்கள் கோப்பை மாற்றியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். எல்லாப் பள்ளியிலும் நல்ல ஆன்டிவைரஸ் போடச் சொல்லுங்கள்.

நெய்தல் | பதிவு 3

கடைசிபெஞ்ச், 2017 பிப்ரவரியில் நடந்தது வேறு. கூகுளும் ஆம்ஸ்டர்டாமில் உள்ள சி.டபிள்யூ.ஐ. ஆய்வு மையமும் சேர்ந்து, ஒரே ஷா-1 மதிப்பு வரும் இரண்டு பி.டி.எஃப். கோப்புகளைக் காட்டினார்கள். இரண்டையும் உருவாக்கியவர்கள் அவர்களேதான். வேறொருவர் ஏற்கெனவே வெளியிட்ட கோப்புக்கு அதே ஹாஷ் வரும்படி இன்னொன்றைச் செய்வது இதைவிடப் பல மடங்கு கடினம். அதை இதுவரை யாரும் செய்து காட்டியதில்லை. ஏரிக்கரை சாரின் வீடியோவுக்கு நடந்தது அதுவாக இருக்காது.

நடந்தது மிக எளிமையானது. எவரோ ஒரு ஜிப்பை எடுத்து, அதற்கு உங்கள் வீடியோவின் பெயரை வைத்து, அதற்கென்று ஒரு புது டாரண்ட் செய்திருக்கிறார். டாரண்ட் ஃபைலுக்குள் கோப்பின் ஒவ்வொரு துண்டுக்கும் 20 பைட் ஹாஷ் வரிசையாக இருக்கும். கிளையன்ட், அதாவது டாரண்டை இறக்கும் புரோகிராம், ஒவ்வொரு துண்டாக வாங்கி அந்த வரிசையோடு ஒப்பிடும். அந்த வரிசையை எழுதியதே போலியைச் செய்த ஆள்தான். ஆக, அவர் என்ன அனுப்ப நினைத்தாரோ அது ஒரு பிட் கூட மாறாமல் ஆசிரியை கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அதைத்தான் கிளையன்ட் நூறு சதவீதம் என்று காட்டியது.

ஐயா, வகுப்பில் நீங்கள் சொன்னது பாதி சரி. வழியில் கெட்டுப்போன கோப்பு ஒரு பிரச்சினை. பெயர் ஒன்று, உள்ளடக்கம் வேறு என்பது இன்னொரு பிரச்சினை. முதலாவதை ஹாஷ் தீர்க்கும். இரண்டாவதைத் தீர்க்க, அந்த ஹாஷை உங்களுக்குக் கொடுத்தது யார் என்ற கேள்வியைக் கேட்டாக வேண்டும்.

திண்ணைவாசி | பதிவு 4

நெய்தல் சொன்ன இரண்டு பிரச்சினையும் ஒரே இடத்தில் சேர்ந்தால் என்னவாகும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கஸா என்ற கோப்புப் பகிர்வுப் புரோகிராம் காலத்து ஆள் நான். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாப்ஸ்டர் என்ற பாட்டுப் பகிர்வுச் சேவை 2001-இல் மூடியதும் கூட்டமெல்லாம் கஸாவுக்கு வந்தது. அது ஓடியது ஃபாஸ்ட்ட்ராக் என்ற வலையில். அந்த வலையின் ஹாஷுக்கு யூயூஹாஷ் என்று பெயர். பெரிய கோப்பையும் நொடியில் கணக்கிட வேண்டும் என்ற அவசரத்தில் அதைச் செய்திருந்தார்கள். முதல் 300 கே.பி.யை எம்.டி.5 என்ற ஹாஷ் போட்டுப் பார்க்கும். அப்புறம் 1 எம்.பி., 2 எம்.பி., 4 எம்.பி., 8 எம்.பி. என்று இரட்டிப்பாகத் தாண்டித் தாண்டி, ஒவ்வொரு இடத்திலும் ஒரு 300 கே.பி. மட்டும் எடுக்கும். கடைசியில் ஒரு 300 கே.பி. அவ்வளவுதான். ஒரு பாட்டுக் கோப்பில் பாதிக்கு மேல் அதன் கண்ணிலேயே படாது. சினிமா அளவுள்ள கோப்பு என்றால் கிட்டத்தட்ட முழுவதும் படாது. பார்க்காத இடத்தில் என்ன குப்பையை நிரப்பினாலும் ஹாஷ் மாறாது.

பாட்டு நிறுவனங்கள் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்குமா? கோப்பைக் கெடுப்பதையே தொழிலாகச் செய்ய ஓவர்பியர், மீடியாடிஃபெண்டர் என்று கம்பெனிகள் வந்தன. பாட்டின் ஒரு வரி திரும்பத் திரும்ப ஓடும், இல்லை என்றால் வெறும் இரைச்சல் வரும், இல்லை என்றால் நடுவில் அறுந்துபோகும். 2003-இல் மடோனாவின் 'அமெரிக்கன் லைஃப்' ஆல்பம் வந்தபோது, பாட்டு என்று நம்பி இறக்கிய கோப்பில் அவரே வந்து கெட்ட வார்த்தையில் திட்டினார்.

புரூக்ளினில் இருந்த பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தில் கீத் ராஸ் குழுவினர் இதை அளந்து 2005-இல் கட்டுரை வெளியிட்டார்கள். அந்தச் சமயத்தில் பிரபலமாக இருந்த புதுப் பாட்டுகளில் பலவற்றுக்கு, கஸாவில் கிடந்த பிரதிகளில் பாதிக்கு மேல் கெட்டவை. பாதிக்கு மேல்!

இதில் எனக்கு உறுத்துகிற விஷயம் வேறு. ஓவர்பியரிடம் எத்தனை சர்வர் இருந்திருந்தாலும் அவர்களால் மட்டும் இவ்வளவு தூரம் பரப்பியிருக்க முடியாது. பரப்பியது நாங்கள்தான். ராத்திரி பத்துப் பாட்டு இறக்கப் போட்டுவிட்டுத் தூங்கிவிடுவோம். வந்ததைக் கேட்டுப் பார்க்காமல் ஷேர்டு ஃபோல்டரிலேயே விட்டுவிடுவோம். அடுத்தவன் என்னிடமிருந்து எடுப்பான், அவனும் கேட்க மாட்டான். ஏரிக்கரை, உங்கள் ஆசிரியை அந்தக் கோப்பை இப்போது அழித்துவிட்டாரா என்று முதலில் கேளுங்கள்.

ஏரிக்கரை | பதிவு 5

திண்ணைவாசி ஐயா, அதை நான் யோசிக்கவே இல்லை. இப்போதே கேட்கிறேன்.

மின்மினி | பதிவு 6

எங்கள் கல்லூரி விடுதியில், கோப்புப் பகிர்வதற்கான டிசி++ ஹப் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. வெளி இணையம் ராத்திரி நின்றுவிடும், உள் நெட்வொர்க் மட்டும் இருக்கும். அதனால் பாடக் குறிப்பு, பழைய வினாத்தாள், சாஃப்ட்வேர் எல்லாம் ஹப்பில்தான். டிசி++ டைகர் மர ஹாஷைப் பயன்படுத்தும். கோப்பை ஆயிரத்துச் சொச்சம் பைட் துண்டுகளாக வெட்டி, இரண்டிரண்டாக ஹாஷ் சேர்த்து உச்சி வரை போகும். கெட்ட துண்டு எது என்று துல்லியமாகத் தெரிந்துவிடும். கஸா மாதிரி ஓட்டையெல்லாம் இல்லை.

அப்படியும் ஒரு செமஸ்டரில் விடுதியே முடங்கியது. 'இறுதித் தேர்வு வினாவங்கி' என்று ஒரு எக்ஸி. திறந்தால் அந்தக் கணினியின் ஷேர்டு ஃபோல்டரில் தன்னையே பத்துப் பதினைந்து பெயரில் பிரதி எடுத்து வைக்கும். யார் எதைத் தேடினாலும் அது வந்து நிற்கும். என் அறைத்தோழியின் புராஜெக்ட் ரிப்போர்ட் அதில் போய்விட்டது. அவள் மூன்று நாள் தூங்காமல் திரும்ப எழுதினாள்.

அப்போது ஒரு சீனியர் கவனித்துச் சொன்னதுதான் எங்களைக் காப்பாற்றியது. பெயர் எத்தனை மாறினாலும் கோப்பின் அளவு ஒன்றேதான். அந்த அளவுள்ள எக்ஸியை எல்லாம் ஹப்பில் தடுத்தோம், இரண்டே நாளில் அடங்கியது.

பின்னாளில் ஆய்வுக் கட்டுரைகள் படித்தபோது, இண்டியானா பல்கலைக்கழகத்தார் 2006-லேயே இதை எழுதியிருப்பதைப் பார்த்தேன். லைம்வயர் என்ற பகிர்வுப் புரோகிராமில் தேடினால் வந்த ஜிப், எக்ஸி வகைக் கோப்புகளில் 68 சதவீதம் கெட்டவை. ஓபன்எஃப்டி என்ற இன்னொரு வலையில் 3 சதவீதம்தான். லைம்வயரில் அந்தக் கெட்டவற்றில் 99 சதவீதம் வெறும் மூன்று வகை வைரஸ்களிலிருந்து வந்தவை. லைம்வயரின் சொந்தத் தடுப்பு பிடித்தது சுமார் 6 சதவீதம். அளவை மட்டும் பார்த்து வடிகட்டினால் 99 சதவீதத்துக்கு மேல் பிடிபடுகிறது.

ஆகவே ஏரிக்கரை சார், இதைச் செய்தால் போதும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் இன்றே செய்யலாம்: உங்கள் ஒவ்வொரு கோப்பின் வகையும் அளவும் பள்ளிக்குத் தெரியட்டும். 340 எம்.பி. எம்.பி.4 வர வேண்டிய இடத்தில் 2 எம்.பி. ஜிப் வந்தால் ஆறாம் வகுப்புப் பிள்ளை கூட நிறுத்திவிடும்.

கடைசிபெஞ்ச் | பதிவு 7

நெய்தல், விளக்கத்துக்கு நன்றி, நான் தவறாகப் புரிந்துவைத்திருந்தேன். இன்னொரு சந்தேகம். ஷாப்பிங் தளங்களில் மாதிரி, இறக்கியவர்கள் நல்லது, கெட்டது என்று ஓட்டுப் போட்டால் போலி தானாகவே கீழே போய்விடாதா?

நெய்தல் | பதிவு 8

இந்தக் கேள்விக்காகவே பல வருடம் உழைத்தவர்கள் இருக்கிறார்கள். கஸாவிலும் கோப்புக்கு மதிப்பெண் போடும் வசதி இருந்தது. பகிர்கிறவருக்கும் ஒரு புள்ளி இருந்தது. அந்தப் புள்ளியைக் கணக்கிட்டது அவரவர் கணினியிலேயே ஓடிய புரோகிராம். அதைத் திருத்தி, புள்ளி எப்போதும் 1000 என்றே காட்டும் கஸா லைட் வந்தது. தன் நடத்தைச் சான்றிதழைத் தானே எழுதிக்கொள்ள விட்டால் வேறென்ன நடக்கும்?

2003-இல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து செபாண்டர் காம்வார், மரியோ ஷ்லாசர், ஹெக்டர் கார்சியா-மோலினா மூவரும் ஐகன்டிரஸ்ட் என்ற முறையை வெளியிட்டார்கள். நான் உங்களோடு பழகியதில் நல்ல கோப்பு எத்தனை, கெட்டது எத்தனை என்று எனக்குத் தெரியும். நீங்கள் பழகியவர்களைப் பற்றி உங்களுக்குத் தெரியும். நான் நம்புகிறவர் நம்புகிறவரை நானும் ஓரளவு நம்பலாம் என்று இதையே வலை முழுவதும் சுற்றிச் சுற்றிக் கணக்கிட்டால் ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பிக்கை எண் வந்து நிற்கும். கூகுள் பக்கங்களை வரிசைப்படுத்திய பேஜ்ரேங்குக்கு நெருங்கிய உறவு இது. ஆனால் கெட்டவர்கள் கூட்டாகச் சேர்ந்து ஒருவரையொருவர் புகழ்ந்துகொண்டால்? அதற்காக, தொடக்கத்திலேயே நம்பத் தகுந்தவர்கள் என்று சிலரைக் குறித்துவைக்க வேண்டியிருந்தது. அந்தச் சிலர் யார் என்பதை எந்தச் சமன்பாடும் சொல்லாது, மனிதர்தான் சொல்ல வேண்டும்.

இன்னொரு சிக்கல். மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவின் ஜான் டூசர் 2002-இல் சிபில் தாக்குதல் என்று ஒன்றை எழுதினார். ஒரே ஆள் ஆயிரம் அடையாளங்களோடு வரலாம். அடையாளம் இலவசமாகக் கிடைக்கும் இடத்தில், அதைச் சரிபார்க்கும் மையம் ஒன்றும் இல்லை என்றால், இதைத் தடுக்க நடைமுறையில் வழியில்லை என்று காட்டினார். பல ஷாப்பிங் தளங்களில் ஓட்டுப் போட ஒரு ஆர்டராவது வேண்டும். இங்கே அதுவும் தேவையில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது 2006-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் கெவின் வால்ஷும் எமின் கூன் சிரரும் செய்த கிரிடென்ஸ். லைம்வயர் கிளையன்டில் சேர்த்து உண்மையான ஆட்களிடமே ஓடவிட்டார்கள். அதில் ஓட்டு ஆளுக்கு இல்லை, கோப்புக்கு. முன்பு நானும் நீங்களும் ஓட்டுப் போட்ட கோப்புகளில் நம் கருத்து ஒத்துப்போயிருந்தால் உங்கள் ஓட்டுக்கு என் கணினியில் மதிப்பு கூடும். எப்போதும் எனக்கு நேர்மாறாகவே ஓட்டுப் போடுகிறவரும் பயன்படுவார், அவர் நல்லது என்றால் கெட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். பொய் சொல்லும் ஆயிரம் அடையாளங்கள் வந்தாலும், அவை என்னோடு ஒத்துப்போக வேண்டுமென்றால் முதலில் பல கோப்புகளுக்கு உண்மையைச் சொல்லியாக வேண்டும்.

திண்ணைவாசி | பதிவு 9

நெய்தல், படிக்க அழகாகத்தான் இருக்கிறது. இன்று அதில் எது ஓடுகிறது? லைம்வயரே 2010 அக்டோபரில் நீதிமன்ற உத்தரவால் நின்றது. நான் கண்டவரை போலியை உண்மையில் நிறுத்தியது மனிதர்களின் கண்தான். சூப்பர்நோவா என்ற டாரண்ட் தளத்தில் மாடரேட்டர்கள் இருந்தார்கள். அவர்கள் பார்க்காமல் எதுவும் பட்டியலில் ஏறாது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தார் அந்த வலையை மாதக்கணக்கில் அளந்தார்கள். அங்கே போலி அரிதாக இருந்ததற்கு அந்த மாடரேட்டர்களே காரணம் என்று எழுதினார்கள்.

நெய்தல் | பதிவு 10

அதே சூப்பர்நோவா 2004 டிசம்பரில் ஒரே நாளில் மூடப்பட்டதும் அந்த மாடரேட்டர்களும் அந்தப் பட்டியலும் சேர்ந்தே போய்விட்டன ஐயா. ஒரு வாசலில் காவல் போட்டால் அந்த வாசல் போகும்போது காவலும் போகும். அதனால்தான் வலைக்குள்ளேயே நம்பிக்கையைக் கட்ட வேண்டும் என்று இத்தனை பேர் மெனக்கெட்டார்கள்.

ஆனால் ஏரிக்கரை சாரின் நிலைமைக்கு நீங்கள் சொல்வதுதான் பொருந்தும் என்று ஒப்புக்கொள்கிறேன். முன்பின் தெரியாத லட்சம் பேர் உள்ள வலை இல்லை அவருடையது. ஏழு ஆசிரியர்கள், அவர்களை நேரில் அறிந்த பள்ளிகள். ஐகன்டிரஸ்ட் தேடித் தவித்த அந்த 'முதலில் நம்பத் தகுந்த சிலர்' அவரிடம் ஏற்கெனவே இருக்கிறார்கள்.

விதைநெல் | பதிவு 11

போலிப் பெயர் பற்றி நிறைய பேசிவிட்டோம். கெட்ட துண்டு பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் மெதுவான இணைப்பில் அது தனி வேதனை.

டாரண்டில் ஒரு துண்டு 4 எம்.பி. என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 16 கே.பி. பிளாக்குகளாக, பல பேரிடமிருந்து, மொத்தம் 256 தடவையாக வரும். பழைய முறையில் ஹாஷ் முழுத் துண்டுக்கும் ஒன்றுதான். ஒரே ஒரு ஆள் ஒரே ஒரு பிளாக்கைக் கெடுத்து அனுப்பினாலும் 4 எம்.பி.யும் வீண், திரும்ப முதலிலிருந்து. 256-இல் யார் கெடுத்தது என்றும் தெரியாது. 2005-இல் எச்.பி.ஓ. தன் 'ரோம்' தொடரை இறக்கியவர்களிடம் இந்த வேலையைக் காட்டியதாகச் செய்தி வந்தது. கோப்பைக் கெடுக்க முடியாது, ஆனால் ஆளைச் சோர வைக்கலாம்.

இதற்குக் கிளையன்டுகள் கண்டுபிடித்த தீர்வு நேர்த்தியானது. பல கிளையன்டுகளுக்கு அடிப்படையான லிப்டாரண்டில் ஸ்மார்ட் பேன் என்பார்கள். துண்டு தேறவில்லை என்றால், எந்த பிளாக்கை யார் கொடுத்தார், அதன் ஹாஷ் என்ன என்று குறித்துக்கொள்ளும். பிறகு சரியான துண்டு கிடைத்ததும் இரண்டையும் ஒப்பிடும். எந்த பிளாக் மாறியிருக்கிறதோ அதைக் கொடுத்தவர் வெளியே. நல்லவர் யாரும் தவறுதலாக அடிபட மாட்டார்.

ஈம்யூல் என்ற இன்னொரு பகிர்வுப் புரோகிராமில் இதே பிரச்சினை இன்னும் பெரிது, அதன் துண்டு 9.28 எம்.பி. அதனால் ஒவ்வொரு 180 கே.பி.க்கும் ஹாஷ் மரம் கொண்டுவந்தார்கள். அந்த மரத்தின் உச்சி ஹாஷை யாரிடம் கேட்பது? குறைந்தது பத்து வேறு வேறு ஆட்கள் சொல்ல வேண்டும், அதில் 92 சதவீதம் பேர் ஒரே பதில் சொல்ல வேண்டும் என்று விதி வைத்தார்கள். பாருங்கள், கடைசியில் அங்கேயும் 'யார் சொன்னது' என்ற கேள்வியில்தான் வந்து நின்றார்கள்.

ஏரிக்கரை ஐயா, டாரண்ட் இரண்டாம் பதிப்பில் ஷா-256, அதுவும் 16 கே.பி. பிளாக் வரை ஹாஷ் மரம். கெட்ட பிளாக் வந்த உடனேயே தெரியும், வீணாவது 16 கே.பி. மட்டும். க்யூபிட்டாரண்ட் என்ற கிளையன்டில் 4.4-இலிருந்து அதில் உருவாக்கலாம். பழைய கணினி உள்ள பள்ளிகளுக்காக, இரண்டு பதிப்பும் சேர்ந்த 'ஹைப்ரிட்' வகையைத் தேர்ந்தெடுங்கள்.

மின்மினி | பதிவு 12

ஐ.எஸ்.ஓ. கோப்பும் பகிர்கிறீர்கள் என்றதால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2016 பிப்ரவரி 20-இல் லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டின் தளத்துக்குள் யாரோ புகுந்து, 17.3 சின்னமன் ஐ.எஸ்.ஓ.வின் இணைப்பைப் பின்கதவு வைத்த கோப்புக்கு மாற்றிவிட்டார்கள். அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து நேராக எடுத்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். டாரண்டில் எடுத்தவர்களுக்குப் பாதிப்பில்லை என்று அந்தக் குழுவே அறிவித்தது. அதே வருடம் மார்ச்சில் மேக் கணினிகளுக்கான டிரான்ஸ்மிஷன் என்ற டாரண்ட் கிளையன்டின் 2.90-இல், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் கலந்து வந்தது. கோப்பு சரியாக இருந்தும் கிளையன்டே கெட்டிருந்த கதை அது.

அதனால் கோப்பும் அதன் ஹாஷும் ஒரே தளத்தில் இருந்தால், தளத்தைப் பிடித்தவன் இரண்டையும் மாற்றிவிடுவான். டெபியன் என்ற லினக்ஸ் குழு இதனால்தான் ஹாஷ் பட்டியலைத் தனியாகக் கையெழுத்திட்டு வெளியிடுகிறது. அந்தக் கையெழுத்துக்குப் பயன்படும் ஜி.பி.ஜி. பள்ளிகளுக்குக் கொஞ்சம் சிரமம். மினிசைன் என்ற சிறு கருவி இருக்கிறது, அதில் கையெழுத்தைச் சரிபார்க்கும் பொதுச்சாவி ஒரே வரி. அந்த வரியைக் காகிதத்தில் அச்சடித்து நேரில் கொடுங்கள். இணையத்தை எவன் பிடித்தாலும் பள்ளிச் சுவரில் ஒட்டியிருக்கும் காகிதத்தை அவனால் மாற்ற முடியாது.

கடைசிபெஞ்ச் | பதிவு 13

ஒரு யோசனை. டாரண்டைத் தேடி எடுப்பதால்தானே பெயர் ஏமாற்றுகிறது? தேடலே வேண்டாம் என்று வைத்தால்? ஏரிக்கரை சார் குழுவே ஆர்.எஸ்.எஸ். ஓடை, அதாவது புதிதாக வருவதைத் தானாக அறிவிக்கும் பட்டியல், ஒன்று நடத்தலாம். க்யூபிட்டாரண்டில் அதை ஒருமுறை சேர்த்துவிட்டால் புதுப் பாடம் தானாக இறங்கும். ஆசிரியர்கள் எந்தத் தேடல் தளத்துக்கும் போக வேண்டியதில்லை.

நெய்தல் | பதிவு 14

அருமை கடைசிபெஞ்ச். இதை நான்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

ஏரிக்கரை | பதிவு 15

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். எல்லோர் சொன்னதையும் குழுவில் வாசித்துக் காட்டி ஒவ்வொன்றாகச் செய்துகொண்டிருக்கிறோம்.

முதலில் திண்ணைவாசி ஐயா சொன்னது. அந்த ஆசிரியை கோப்பைத் திறக்கவில்லைதான், ஆனால் அழிக்கவும் இல்லை. அவர் கணினி அதை மற்றவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. பயந்துபோய் எல்லாப் பள்ளிக்கும் போன் செய்தோம். இன்னும் நான்கு பள்ளிகளில் அதே போலி இருந்தது. நான்கிலும் யாரும் திறந்து பார்க்கவில்லை, மூன்றில் சீட் ஆகி மற்றவர்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் கட்டிய வலை எங்கள் பெயரிலேயே அதைச் சுமந்திருக்கிறது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்போது ஆர்.எஸ்.எஸ். ஓடை தயார். பழைய டாரண்டுகளை ஹைப்ரிட் வகையில் மறுபடி உருவாக்குகிறோம், பாதி முடிந்திருக்கிறது. கையெழுத்திடும் மினிசைன் சாவி குழுவில் இருவரிடம் மட்டும் இருக்கிறது, இணையத்தில் சேராத ஒரு பழைய லேப்டாப்பில். பொதுச்சாவியையும், ஒவ்வொரு கோப்பின் பெயர், வகை, அளவையும் ஒரு ஏ4 தாளில் அச்சடித்தோம். மின்மினி சொன்னபடி ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடமே காட்டினோம். ஒரு பெண், "அளவு ஒரே மாதிரி வெச்சு ஏமாத்தினா என்ன சார் பண்றது?" என்று கேட்டாள். அவளுக்கு மட்டும் தனியாக உட்கார்ந்து, மினிசைனை ஓட்டிக் காட்டினேன். இப்போது அந்தப் பள்ளியில் புதுக் கோப்பு வந்தால் அவள்தான் சரிபார்க்கிறாள்.

ஐந்தில் நான்கு பள்ளிகள் போலியை அழித்துவிட்டன. மீதி ஒன்றில் கணினி அறைச் சாவி வைத்திருக்கும் ஆசிரியர் விடுப்பில் போயிருக்கிறார், அந்தக் கணினி இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் நானே போகிறேன்.